தாத்தாவின் பதக்கம் என்ன சொல்லும்? – வாசகர் கேள்வி-பதில்

பட்டாளத்தில் இருந்த முன்னோரின் பதக்கங்களைக் கொண்டு குடும்ப வரலாற்றைத் தேடுவது தொடர்பாக வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் விடையளிக்கிறேன்.

கேள்வி: என் கொள்ளுத்தாத்தா முதல் உலகப் போரின்போது பட்டாளத்தில் இருந்தார் என்று சொல்வார்கள். அவருடையது என்று எங்களிடம் இருப்பது ஒரே ஒரு வெள்ளிப் பதக்கம். ஒரு பக்கத்தில் அரசரின் தலை, மறுபக்கத்தில் குதிரைமீது ஆடையின்றி அமர்ந்திருக்கும் ஒருவர். வேறு காகிதம் எதுவும் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அடையாளங்களைப் பார்த்தால் அது பிரிட்டிஷ் போர்ப் பதக்கம். 1919-ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்ட இந்தப் பதக்கம் வெள்ளியில் மட்டும் ஏறத்தாழ 65 லட்சம் பேருக்கு வழங்கப்பட்டது. குதிரைமீது இருப்பவர் புனித ஜார்ஜ். குளம்படியில் கழுகு பொறித்த கேடயம் ஒன்றும் மண்டையோடும் கிடப்பதையும், 1914, 1918 என்ற ஆண்டுகளையும் நீங்கள் காணலாம்.

ஆனால் நீங்கள் முதலில் படிக்க வேண்டியது பதக்கத்தின் முகத்தை அன்று, அதன் விளிம்பை. பதக்கத்தை ஒரு சன்னலோரத்துக்குக் கொண்டுசென்று, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பிடித்து, மெல்லத் திருப்பிப் பாருங்கள். நாணயத்தின் கனமே உள்ள அந்த ஓரத்தில், சிறிய ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகிய நான்கும் அதே வரிசையில் அழுத்திப் பதிக்கப்பட்டிருக்கும். எண்ணில் தொடங்கி, விளிம்பைச் சுற்றி வந்து, படைப்பிரிவின் சுருக்கப் பெயரில் முடியும். பல ஆண்டுகள் துலக்கியதால் எழுத்துகள் தேய்ந்திருந்தால், வெவ்வேறு கோணங்களில் ஒளியை விழச்செய்து பல படங்கள் எடுத்து, அவற்றை ஒப்பிட்டு எழுத்தெழுத்தாகப் படிக்கலாம்.

நான்கில் எண்ணும் படைப்பிரிவும்தாம் தேடலுக்கு உயிர்நாடி. ‘எஸ் அண்ட் எம்’ என்ற எழுத்துகள் இருந்தால் அது சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் எனப்பட்ட பொறியியல் படை. அதில் மூன்று அணிகள் இருந்தன: 1 என்ற எண் வங்காள அணியையும், 3 என்ற எண் பம்பாய் அணியையும் குறிக்கும், 2 என்ற எண்ணுக்குரியது பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த மதராஸ் அணி. ‘பயனியர்ஸ்’ என்ற சொல்லோடு 61, 64, 81 ஆகிய எண்களில் ஒன்று இருந்தால் அவர் மதராஸ் மாகாணத்து பயனியர் படையை, அதாவது சாலை, அகழி வேலைகளிலும் பயிற்சி பெற்ற காலாட்படையைச் சேர்ந்தவர். 73, 75, 79 போன்ற எண்களுடன் ‘கர்நாடிக் இன்ஃபன்ட்ரி’ (இன்ஃபன்ட்ரி என்றால் காலாட்படை) என்றும், 63 என்ற எண்ணுடன் ‘பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி’ என்றும் இருக்கக்கூடும். இந்தப் பெயர்கள் எதுவும் இன்றைய இந்திய ராணுவத்தில் இல்லை. 1922-இல் நடந்த சீரமைப்பில் பழைய எண்கள் மாறி, காலாட்படைப் பிரிவுகள் பல ஒன்றாக இணைக்கப்பட்டன. ஆகவே, இன்றைய பெயரை வைத்து அன்றைய ஆவணத்தைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். அந்தப் படைப்பிரிவு பின்னாளில் எதுவாக ஆயிற்று என்பதை முதலில் கண்டுகொள்ளுங்கள்.

அடுத்தது, பட்டியல்கள். போர் முடியும் தறுவாயில் பிரிட்டிஷ் ராணுவத்தின் பதக்க அலுவலகம், யாருக்கு எந்தப் பதக்கம் உரியது என்று தீர்மானிப்பதற்காக ஆளுக்கொரு அட்டை எழுதியது. அவ்வாறு எழுதப்பட்ட அட்டைகள் ஏறத்தாழ 50 லட்சம். அவை லண்டனில் கியூ என்னும் இடத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘டபிள்யூஓ 372’ என்ற தொகுப்பாக இருக்கின்றன, இணையத்திலும் தேடலாம். பெரும்பாலானவை பிரிட்டிஷ் படையினருடையவை என்றாலும் இந்தியப் படையினரின் அட்டைகளும் அவற்றுள் கலந்துள்ளன. அட்டை சுட்டும் மூலப் பதக்கப் பட்டியல்கள் ‘டபிள்யூஓ 329’ தொகுப்பில் உள்ளன. அதற்கு முந்தைய போர்களுக்கு ‘டபிள்யூஓ 100’ தொகுப்பையும், பிரிட்டிஷ் நூலகத்திலுள்ள இந்தியா ஆபீஸ் (இந்திய ஆட்சியைக் கவனித்த லண்டன் அலுவலகம்) ஆவணங்களையும் பார்க்க வேண்டும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்த அட்டை ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பு அன்று. ஒரு பதக்கம் கொடுக்கலாமா, கூடாதா என்ற கேள்விக்கு அலுவலகம் எழுதிக்கொண்ட விடை மட்டுமே. அந்த விடைக்குத் தேவைப்படாத எதையும் எழுத்தர் எழுதவில்லை. போர்க்களத்தில் நுழைந்த தேதிக்கென அட்டையில் இடம் உண்டு; ஆனால் 1915 டிசம்பர் 31-க்குள் நுழைந்தவர்களுக்குத்தான் ‘ஸ்டார்’ எனப்படும் நட்சத்திரப் பதக்கம் உரியது என்பதால், அதற்குப் பிறகு சென்றவர்களின் அட்டைகளில் அந்த இடம் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். வெறுமையாக இருப்பதால் அவர் போருக்கே போகவில்லை என்று முடிவுகட்டுபவர்கள் இருக்கிறார்கள்; அது தவறு. ‘1916-இலோ அதற்குப் பிறகோ சென்றிருக்கலாம்’ என்றே அதைப் படிக்க வேண்டும்.

அதேபோல், விக்டரி பதக்கம் என்ற வெண்கலப் பதக்கம் போர்க்களத்துக்குள் சென்றவர்களுக்கு மட்டுமே தரப்பட்டது. உங்களிடம் வெள்ளிப் பதக்கம் மட்டும் இருப்பதற்கு, மற்றது தொலைந்துபோனதும் காரணமாக இருக்கலாம்; அது வழங்கப்படவே இல்லை என்பதும் காரணமாக இருக்கலாம். இரண்டும் வெவ்வேறு வாழ்க்கைகள். அதைப் பட்டியல்தான் தீர்த்துவைக்கும்.

படைப்பிரிவு உறுதியானதும் அதன் போர் நாட்குறிப்பைத் தேடுங்கள். பிரான்ஸ், மெசபடோமியா (இன்றைய இராக்), எகிப்து, கிழக்கு ஆப்பிரிக்கா ஆகிய களங்களில் இருந்த பிரிவுகளின் நாட்குறிப்புகள் ‘டபிள்யூஓ 95’ தொகுப்பில் உள்ளன. எடுத்துக்காட்டாக, 63-ஆம் பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி 1914 நவம்பரில் ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தில் நடந்த போரில் ஈடுபட்டது. அந்தப் பிரிவின் பெயரோடு 1914–15 ஸ்டார் ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால், ‘எங்கள் தாத்தா டாங்காவில் போரிட்டார்’ என்று எழுதிவிடத் தோன்றும். பொறுங்கள். அந்த நட்சத்திரத்துக்கு 1915 இறுதிவரை எப்போது களத்துக்குச் சென்றிருந்தாலும் உரிமை உண்டு. இழப்புகளை ஈடுகட்டப் பின்னர் அனுப்பப்பட்டவர்களுக்கும் அதே நட்சத்திரம்தான். நுழைந்த தேதி கிடைக்கும்வரை ‘இருந்திருக்கக்கூடும்’ என்றே எழுதிவையுங்கள்.

கேள்வி: இணையத்தில் தாத்தாவின் பெயரை இட்டுத் தேடினால், ஒன்று, எதுவும் வருவதில்லை, அல்லது நூற்றுக்கணக்கில் வருகின்றன. எங்கள் பெயர்களை வைத்து இந்த ஆவணங்களில் யாரையும் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும், ஆனால் பெயரை மட்டும் நம்பினால் முடியாது. ஆள் சேர்த்த எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார். முனுசாமி, முனிசாமி, மூனிசாமி ஆகிய மூன்றும் ஒரே ஆளாக இருக்கலாம். சாமி என்று முடியும் பெயர்களின் கடைசிப் பகுதியை ‘எஸ், ஏ, டபிள்யூ, எம், ஒய்’ என்று எழுதுவது அக்காலத்தில் மிகப் பரவலான வழக்கம். ஆறுமுகம் என்ற பெயரின் நடுவே ‘யூ’வுக்குப் பதில் இரட்டை ‘ஓ’ இருக்கக்கூடும். தந்தையின் முதலெழுத்து பெரும்பாலும் இருக்காது. சாதிப் பட்டம் சில இடங்களில் பெயரின் ஒட்டாகவும், சில இடங்களில் அதுவே முழுப் பெயராகவும் பதிவாகியிருக்கும்.

எனவே முதலில் படைப்பிரிவைக் கொண்டு வட்டத்தைச் சுருக்குங்கள். பிறகு எண்ணைப் பாருங்கள். பெயரைக் கடைசியாக ஒப்பிடுங்கள். அக்காலத்தில் எண் என்பது அந்தந்தப் படைப்பிரிவுக்குள் மட்டும் வழங்கப்பட்ட எண். ஒரே எண் பல பிரிவுகளில் பலருக்கு இருந்திருக்கும். ஆகவே எண் மட்டும் பொருந்துவது எதையும் மெய்ப்பிக்காது. எண், பிரிவு, பெயரின் ஓசை ஆகிய மூன்றும் ஒத்துவந்தால் நம்பலாம். பதவி மட்டும் மாறுபட்டால் கவலைப்பட வேண்டாம்: நட்சத்திரத்தில் சிப்பாய் என்றும் மற்றப் பதக்கத்தில் நாயக் என்றும் இருப்பது இடையில் அவர் பதவி உயர்வு பெற்றதையே காட்டுகிறது. இப்படி ஒரு உயர்வைக் கண்டுபிடிப்பது, பெயரையும் எண்ணையும் தவிர வேறெதுவும் எஞ்சாத ஒருவரைப் பொறுத்தவரை பெரிய செய்தி.

விளிம்பிலுள்ள பெயர் குடும்பத்தில் யாருடையதாகவும் இல்லை என்றால், அதையும் மறைக்காமல் எழுதிவையுங்கள். நண்பருடைய பதக்கம் கைமாறியிருக்கலாம், அடகிலிருந்து மீட்கும்போது மாறியிருக்கலாம், தாய்வழியில் மறந்துபோன ஒருவருடையதாகவும் இருக்கலாம்.

கேள்வி: பதக்கம் கறுத்துவிட்டது. துலக்கலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் துலக்கும் ஒவ்வொரு முறையும் தேய்வது விளிம்பிலுள்ள எழுத்துகளே. மென்மையான உலர்ந்த துணியால் தூசியைத் துடைத்தால் போதும். பழைய நாடாவையும் கழற்றி எறியாதீர்கள். பதக்கத்தின் வகையை உறுதிசெய்ய நிறக்கோடுகள் உதவும்.

கேள்வி: எங்களிடம் இருப்பதும் குதிரைவீரர் உள்ள அதே பதக்கம்தான். ஆனால் வெள்ளி அல்ல, வெண்கலம். இது போலியா என்று கேட்கிறார்கள். அசல்தான் என்றால், தாத்தா செய்த வேலை தாழ்ந்தது என்று பொருளா?

பதில்: போலி அன்று. பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் வெண்கலத்திலும் ஏறத்தாழ 1,10,000 வழங்கப்பட்டது. அவற்றைப் பெற்றவர்கள் பெரும்பாலும் சீன, மால்டா, இந்தியத் தொழிலாளர் அணிகளைச் சேர்ந்தவர்கள். துப்பாக்கி ஏந்தாமல் சுமை தூக்கியவர்கள், சாலை போட்டவர்கள், சமைத்தவர்கள், தண்ணீர் சுமந்தவர்கள், காயம்பட்டோரைத் தூக்கிச் சென்றவர்கள் ஆகியோரை ராணுவம் ‘ஃபாலோயர்ஸ்’ என்று தனியே வகைப்படுத்தி, அதே உருவத்தை மலிவான உலோகத்தில் அடித்துக் கொடுத்தது. இது அன்றைய அரசு மனிதரைத் தரம் பிரித்த முறைக்குச் சான்று. உங்கள் தாத்தாவின் தகுதிக்குச் சான்று அன்று. அவர்கள் இல்லாமல் மெசபடோமியாவில் ஒரு பட்டாளமும் ஒரு நாள்கூட நகர்ந்திருக்க முடியாது.

தேடலைப் பொறுத்தவரை இந்த வெண்கலம் உங்களுக்கு ஒரு நேரான குறிப்பு. விளிம்பைப் படியுங்கள். ‘லேபர் கோர்’ என்றோ ‘போர்ட்டர் கோர்’ என்றோ இருந்தால் அவர் தனித் தொழிலாளர் அணியில் சென்றவர். 1917-இல் பிரான்சுக்கு இந்தியத் தொழிலாளர் அணிகள் அனுப்பப்பட்டது நினைவிருக்கட்டும். காலாட்படைப் பிரிவின் பெயரே இருந்தால், அந்தப் பிரிவோடு இணைந்து சமையல், தண்ணீர், சலவை போன்ற பணிகளில் இருந்தவர் என்று கொள்ளலாம். பெயருக்கு முன்னால் ‘குக்’ (சமையற்காரர்), ‘பிஸ்தி’ (தண்ணீர் சுமப்பவர்), ‘பேரர்’ (தூக்கிச் செல்பவர்) போன்ற சொல் இருந்தால் வேலையே தெரிந்துவிடும். சிப்பாய் ஒருவரின் பதக்கம் ‘சிப்பாய்’ என்பதோடு நின்றுவிடுகிறது. அந்த வகையில் வெண்கலப் பதக்கம் கூடுதலாகவே பேசுகிறது.

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் என் தாத்தா பர்மாவில் ஜப்பானியரோடு போரிட்டார் என்று கேட்டு வளர்ந்தோம். மூன்று ஆறுமுனை நட்சத்திரங்களும் இரண்டு வட்டப் பதக்கங்களும் உள்ளன. எதிலும் பெயர் இல்லை. இவற்றைக் கொண்டு எதையாவது மெய்ப்பிக்க முடியுமா?

பதில்: இரண்டாம் உலகப் போரின் பதக்கங்களைப் பிரிட்டிஷ் அரசு பெயர் பொறிக்காமலே வழங்கியது. இந்தியப் படையினருக்குக் கிடைத்தவற்றில் பெயர் பொறித்தவையும் உண்டு என்பதால் விளிம்புகளையும் நட்சத்திரங்களின் பின்புறத்தையும் மீண்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பெயர் இல்லையென்றால், பதக்கம் ‘யார்’ என்று சொல்லாது. ஆனால் ‘எங்கே, எப்போது’ என்று ஓரளவு சொல்லும்.

நட்சத்திரங்களின் நடுவே வட்டத்தில் பெயர் எழுதியிருக்கும். ஆப்பிரிக்கா ஸ்டார் 1940 ஜூன் 10 முதல் 1943 மே 12 வரையிலான காலத்துக்கும், பர்மா ஸ்டார் 1941 டிசம்பர் 11 முதல் 1945 செப்டம்பர் 2 வரையிலான காலத்துக்கும் உரியவை. வட்டப் பதக்கத்தின் பின்புறத்தில் இரட்டைத் தலை டிராகன்மீது சிங்கம் நின்றால் அது போர்ப் பதக்கம். 28 நாள் முழுநேரப் பணி இருந்தாலே கிடைத்தது. இந்தியாவின் நிலப்படம் இருந்தால் அது இந்தியா சர்வீஸ் மெடல். இந்தியப் படைகளில் இருந்தவர்களுக்கு மட்டும், களத்துக்கு வெளியே மூன்று ஆண்டுகள் பணியாற்றியதற்காகத் தரப்பட்டது. ஆப்பிரிக்கா, பர்மா ஆகிய இரண்டும் ஒருவரிடம் இருந்தால், அவர் முதலில் பாலைவனத்திலும் பின்னர் கிழக்கிலும் இருந்தார் என்ற வரிசை பெரும்பாலும் தெரிந்துவிடும்.

பர்மா ஸ்டார் இருப்பதால் மட்டும் அவர் பர்மாவுக்குள் சென்றார் என்று ஆகிவிடாது. 1942 மே மாதத்திலிருந்து வங்காளத்திலும் அசாமிலும் பணியாற்றியவர்களுக்கும், 1944 முதல் இன்னும் குறுகிய எல்லைக்குள், அந்த நட்சத்திரம் கிடைத்தது. அசாமில் லாரி ஓட்டி வெடிபொருள் கொண்டுசென்றவரும், பர்மாவிலுள்ள சிண்ட்வின் ஆற்றை நேரில் கடந்தவரும் ஒரே நட்சத்திரத்தைத்தான் அணிந்தார்கள். வீட்டில் சொல்லப்பட்ட கதையைப் பொய் என்று தள்ளவும் வேண்டாம், மெய் என்று எழுதவும் வேண்டாம். டிஸ்சார்ஜ் சான்றிதழ், சம்பளப் புத்தகம், பென்ஷன் ஆணை ஆகியவற்றில் ஒன்று கிடைத்தால் எண்ணும் பிரிவும் தெரிந்துவிடும். சிப்பாய்களின் பணிப்பதிவுகள் லண்டனுக்குப் போகவில்லை. அவற்றைப் படைப்பிரிவின் பதிவு அலுவலகமே வைத்திருந்தது. மதராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மதராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரிலுள்ள மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் என்று எழுத வேண்டும். எண், பெயர், சேர்ந்த ஆண்டு, உறவுமுறைக்கான சான்று ஆகியவற்றைக் கடிதத்தோடு வையுங்கள். பாட்டி எப்போதாவது போர்வீரரின் கைம்பெண் என்ற முறையில் உதவித்தொகை பெற்றிருந்தால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் ஒரு கோப்பு இருக்க வாய்ப்புண்டு.

கேள்வி: எங்கள் பாட்டனாருக்கு விக்டோரியா கிராஸ் கிடைத்ததாக ஊரில் சொல்கிறார்கள். எப்படி உறுதிசெய்வது?

பதில்: பெரும்பாலும் அது விக்டரி பதக்கமாகவே இருக்கும்; பெயர் ஒலியால் ஏற்படும் மயக்கம். விக்டரி பதக்கத்தில் சிறகுள்ள தேவதை இருக்கும், நாடா வானவில் நிறத்தில் இருக்கும். களத்துக்குச் சென்ற லட்சக்கணக்கானோருக்கு அது கிடைத்தது. பிரிட்டனின் மிக உயர்ந்த போர் வீர விருதான விக்டோரியா கிராஸைப் பெற இந்தியருக்கு 1911 முதல்தான் உரிமை இருந்தது. அதைப் பெற்றவர்கள் மிகச் சிலர், ஒவ்வொருவர் பெயரும் வெளிப்படையாகப் பதிவானது. இந்தியப் படையினருக்கென 1837 முதல் இந்தியன் ஆர்டர் ஆஃப் மெரிட்டும், 1907 முதல் இந்தியன் டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் மெடலும் இருந்தன. வீரத்துக்கான இத்தகைய விருதுகள் அரசிதழில் அறிவிக்கப்பட்டன. லண்டன் கெசட் முழுவதையும் இணையத்தில் தேடலாம். மதராஸ் சாப்பர்ஸைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிஞ்ஞானோ என்னுமிடத்தில் கண்ணிவெடியின்மேல் விழுந்து உடனிருந்தோரைக் காப்பாற்றி உயிர்நீத்தார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் என்ற உயரிய வீர விருது அளிக்கப்பட்ட செய்தி அந்த அரசிதழில்தான் வெளியாயிற்று.  உங்கள் பாட்டனாரின் பெயர் அரசிதழில் இல்லையென்றால் விக்டோரியா கிராஸ் இல்லை என்று ஏற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்களிடம் பதக்கம் இல்லை. உள்ளங்கையைவிடப் பெரிய வெண்கல வட்டத் தகடு ஒன்று உள்ளது. ஒரு பெண்ணும் சிங்கமும் இருக்கிறார்கள், தாத்தாவின் தமையனார் பெயர் மட்டும் இருக்கிறது. எண்ணோ பிரிவோ இல்லை.

பதில்: அது முதல் உலகப் போரில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு அனுப்பப்பட்ட நினைவுத் தகடு. இறப்பில் அனைவரும் சமம் என்பதால் பதவி பொறிக்கப்படவில்லை. அதனாலேயே தேடுவது கடினமாகிறது. ஆனால் அவர் இறந்தார் என்பது உறுதியாகிவிட்டதால், காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் தரவுத்தளத்துக்கு நேராகச் செல்லுங்கள். அதன் குறிப்புகளில் தந்தையின் பெயரும் ஊரும் பல இடங்களில் எழுதப்பட்டிருக்கும். குடும்ப வரலாறு தேடுபவருக்கு இதைவிட மதிப்புள்ள வரி வேறில்லை. பெயர் எப்படித் திரிந்திருந்தாலும் தந்தை பெயரும் ஊரும் ஒத்துவந்தால் ஐயம் தீர்ந்துவிடும்.

மெசபடோமியாவில் இறந்திருந்தால் பாஸ்ரா நினைவுச்சின்னம் முக்கியம். அதன் சுவர்களில் பிரிட்டிஷ் படையினரின் பெயர்களையும் இந்திய அதிகாரிகளின் பெயர்களையும் செதுக்கியவர்கள், இந்தியச் சிப்பாய்களைப் பிரிவுவாரியாக வெறும் எண்ணிக்கையாக மட்டும் குறித்தார்கள். நினைவுகூரலில் காட்டப்பட்ட இத்தகைய பாகுபாட்டை ஆணையமே 2021-இல் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டது. எனவே சுவரின் படத்தில் பெயர் இல்லையே என்று தேடலை விட்டுவிடாதீர்கள், பதிவேட்டில் தேடுங்கள்.

கேள்வி: மலேயாவில் தோட்டத் தொழிலாளியாக இருந்த என் தாத்தா நேதாஜியின் படையில் சேர்ந்தவர். பிரிட்டிஷ் பதக்கப் பட்டியல்களில் அவர் இருப்பாரா?

பதில்: இருக்கமாட்டார். தோட்டத்திலிருந்து நேராக இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர் பிரிட்டிஷ் இந்தியப் படையில் எண் பெற்றவரே அல்லர். 1972-இல் விடுதலையின் வெள்ளிவிழாவையொட்டி அரசு வழங்கிய தாமிரப் பட்டயம் வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். அதே ஆண்டில் தொடங்கிய விடுதலைப் போராட்ட வீரர் ஓய்வூதியத் திட்டத்துக்கு அவரோ பாட்டியோ விண்ணப்பித்திருந்தால், அந்த விண்ணப்பக் கோப்பில் அவர் சேர்ந்த ஊர், பணியாற்றிய அணி, சிறைவாசம், உடன் இருந்தவர்களின் சான்றுரை ஆகியவை இருக்கும். ஆணை எண்ணைக் குறிப்பிட்டு, ஓய்வூதியம் வழங்கிய அலுவலகத்திடம் அந்தக் கோப்பின் நகலைக் கேளுங்கள்.